‘என்பாரும் உளர்’ – முதலாண்டுச் சட்ட மாணவரின் தேர்வு குறித்து

சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை நம் தமக்கை மகள் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை. அவள் சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவி. முதற்பருவத் தேர்வின் தரக்குறிகள் அன்று வெளியாகியிருந்தன. தீங்கியல் பாடத்தில் ‘பி’ வாங்கியிருந்தாள். வகுப்பில் பேராசிரியர் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்ட போதெல்லாம் தடுமாறாமல் விடை சொன்னவள். பள்ளிக்காலம் தொட்டு முதலிடம் தவிர வேறிடம் அறியாதவள். பேராசிரியரைக் கண்டு விடைத்தாளையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அழுது முடித்த குரலில் அவள் சொன்னது இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை.

“மாமா, நான் எழுதினதுல தப்பே இல்லையாம். எல்லாம் சரியாம். சீக்கிரமாச் சரியாச் சொல்லிட்டேனாம், அதனாலதான் மார்க் போச்சாம்.”

சரியாகச் சொன்னதனால் மதிப்பெண் போகும் தேர்வு எத்தகையது என்று அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை. நாம் சட்டம் பயின்றவரல்லர். தமிழ் பயின்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து, பருவந்தோறும் விடைத்தாள் மதிப்பீட்டு மையத்தில் சிவப்பு மையுடன் அமர்ந்து வருபவர். சட்டத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லை எனினும் தேர்வைப் பற்றிப் பேச நமக்கும் சிறிது உரிமை உண்டு.

அமெரிக்காவில் சட்டம் என்பது ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் படிக்க வேண்டிய படிப்பு. முதலாண்டில் ஒப்பந்தம், தீங்கியல், சொத்துரிமை, குற்றவியல், உரிமையியல் நடைமுறை ஆகியவை ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. அரசமைப்புச் சட்டமும் பலவற்றில் உண்டு. ஆகஸ்டு இறுதியில் வகுப்பு தொடங்கும், டிசம்பரில் தேர்வு. மரபான முறைப்படி, ஒரு பாடத்திற்கு அந்தப் பருவம் முழுமைக்கும் மூன்று அல்லது நான்கு மணி நேரத் தேர்வு ஒன்றே. வகுப்பில் எத்துணை அழகாக விடை சொன்னாலும் அதற்குப் பெரிதாகக் கணக்கில்லை. 2014இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கம், பருவத்தின் இடையிலும் மாணவரை மதிப்பிட்டு அவர்க்குக் குறை நிறைகளை உணர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அதன்பின் இடைத்தேர்வுகள் ஆங்காங்கே வந்துள்ளன. எனினும் முதலாண்டு மாணவரின் உறக்கத்தைக் கெடுப்பது இன்றும் அந்த டிசம்பர் மாதம்தான்.

இம்முறையின் வேர் ஹார்வர்டில் இருக்கிறது. 1870இல் அங்குச் சட்டப் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லேங்டெல், சட்ட விதிகளை விரிவுரையாகச் சொல்லிக் கொடுப்பதை விடுத்து, பழைய தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்து விதியை அவர்களே கண்டெடுக்கச் செய்தார். 1871இல் ஒப்பந்த வழக்குகளைத் தொகுத்து நூலாக்கினார். எழுத்துத் தேர்வில் தேறினாலன்றி மேற்செல்ல இயலாது என்னும் கட்டுப்பாடும் அவர் காலத்தில் வலுப்பெற்றது. நம்மவர்க்கு இலக்கணத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்கித்தான் பழக்கம். இவர் இலக்கியத்திலிருந்து இலக்கணம் வகுக்கச் சொன்னவர். அவ்வகையில் லேங்டெல்லை நமக்கு உறவினராகவே எண்ணத் தோன்றுகிறது.

இனி, வினாத்தாளுக்கு வருவோம். ‘கவனக்குறைவு என்றால் என்ன? விளக்குக’ என்னும் வகை வினா அதில் இராது. அதிலிருப்பது ஒரு கதை. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ நீளும். நாமே அவ்வகையில் ஒன்றைப் புனைந்து காட்டுகிறோம்.

பனி பெய்த ஒரு காலை. ஒருவர் தம் வீட்டு வாயிலில் உறைந்த பனியை அகற்றாமல் விட்டுவிடுகிறார். அண்டை வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் விளையாட்டாக அதன்மேல் நீரூற்றி மேலும் வழுக்கச் செய்கிறான். உணவகத்திலிருந்து பீட்சா கொண்டுவரும் இளைஞன் அலைபேசியைப் பார்த்தபடி வந்து வழுக்குகிறான். அவன் கைப்பை தெறித்து, தெருவில் செல்லும் மூதாட்டி ஒருவர்மீது படுகிறது. பிறர்க்குச் சிராய்ப்போடு போயிருக்கும். அவர்க்கோ எலும்பு நலிவு நோய், தோள் முறிகிறது. மருத்துவமனையில் மருத்துவர் தவறான மருந்தைக் கொடுக்க, நோய் முற்றுகிறது. ‘ஒவ்வொருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஆராய்க.’ அவ்வளவுதான் வினா.

இதனை அவர்கள் ‘இஷ்யூ ஸ்பாட்டர்’ என்கிறார்கள். நம் நீதிமன்றத் தமிழில் ‘எழுவினா’ என்றொரு நல்ல சொல் உண்டு. வழக்கில் தீர்மானிக்கப்பட வேண்டிய கேள்வி எதுவோ அதுவே எழுவினா. கதைக்குள் புதைந்து கிடக்கும் எழுவினாக்களைத் தோண்டி எடுப்பதுதான் மாணவர் வேலை. வீட்டுக்காரர்க்குத் தெருவில் நடப்போரிடம் கடமை உண்டா? சிறுவனை எந்த அளவுகோலால் அளப்பது, பெரியவரை அளக்கும் கோலாலா, அவன் வயதினர்க்குரிய கோலாலா? இளைஞனின் கவனக்குறைவில் அவனுக்கும் பங்குண்டே, அந்தப் பங்கை எப்படிக் கழிப்பது? வேலைக்காரன் செய்த தீங்கிற்கு உணவக உரிமையாளர் பொறுப்பாவாரா? மூதாட்டியின் நோய் யாருக்கும் தெரியாதே, அதன் விளைவையும் தீங்கு செய்தவர்மேல் ஏற்றலாமா? ஏற்றலாம் என்பது விதி. ‘முட்டையோட்டு மண்டை விதி’ என்று அதற்குப் பெயர். தீங்குற்றவர் எந்நிலையில் இருந்தாரோ அந்நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும். மருத்துவரின் பிழை, சங்கிலியை அறுக்கிறதா, நீட்டுகிறதா?

ஒவ்வோர் எழுவினாவிற்கும் விதியைச் சொல்லி, கதையின் செய்தியை அவ்விதியோடு பொருத்திக் காட்டி, முடிவு கூற வேண்டும். பொருத்திக் காட்டும் இடத்தில்தான் மதிப்பெண் மிகுதி. முடிவுக்கு மிகக் குறைவு. வாதியின் பக்கம் நின்று ஒருமுறை, பிரதிவாதியின் பக்கம் நின்று ஒருமுறை அதே செய்தியை வாசிக்க வேண்டும். நம் தமக்கை மகள் விழுந்த பள்ளம் இதுவே. ‘உணவக உரிமையாளர் பொறுப்பாவார்’ என்று அவள் போன்றோர் ஒரே வரியில் சரியாக எழுதிவிடுகிறார்கள். அவ்விளைஞன் உண்மையில் பணியாளனா, தன்பொறுப்பில் தொழில் செய்பவனா என்று ஒரு பத்தி எழுதித் தடுமாறியவனுக்கு மதிப்பெண் சேர்கிறது.

கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. பின்னர்ப் பொறாமை வந்தது.

ஏனெனில் அவர்கள் பயிலும் தீர்ப்புகளே அத்தகையவை. 1924 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஹெலன் பால்ஸ்கிராஃப் என்னும் பெண்மணி இரயில் மேடையில் நிற்கிறார். நகரத் தொடங்கிய வேறொரு வண்டியில் ஒருவர் தாவி ஏறுகிறார். ஊழியர் ஒருவர் உள்ளிருந்து இழுக்க, இன்னொருவர் பின்னிருந்து தள்ள, அவர் கையிலிருந்த செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் தண்டவாளத்தில் விழுகிறது. உள்ளே வெடி. வெடித்த அதிர்வில் மேடையின் மறுகோடியிலிருந்த எடைபார்க்கும் பொறி சரிந்து அப்பெண்மணிமேல் விழுகிறது. இரயில்வே நிறுவனம் பொறுப்பா? கீழ் நீதிமன்றங்கள் ஆம் என்றன. 1928இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். தொலைவில் நின்ற அவர்க்கு ஊறு நேருமென ஊழியர் எதிர்நோக்க இயலாது, எதிர்நோக்க இயலாதவரிடம் கடமையும் இல்லை என்றார் நீதிபதி கார்டோசோ. கடமை உலகோர் அனைவரிடத்தும் உண்டு, எவ்வளவு தொலைவு வரை அதன் விளைவைத் தொடர்வது என்பதே கேள்வி என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி ஆண்ட்ரூஸ். ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தும் மாணவர் இருவரையும் படிக்கிறார்கள். தோற்ற தீர்ப்பையும் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தச் சட்டத்தில் வரும் இங்கிலாந்து வழக்கொன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1864ஆம் ஆண்டு வழக்கு. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்னும் கப்பலில் வரும் பருத்தியை விற்க, வாங்க இருவர் உடன்படுகிறார்கள். அப்பெயரில் கப்பல்கள் இரண்டு. ஒன்று அக்டோபரில் புறப்பட்டது, மற்றொன்று டிசம்பரில். ஒருவர் மனத்தில் ஒன்று, மற்றவர் மனத்தில் மற்றொன்று. ஒப்பந்தம் உண்டா, இல்லையா? சிலேடைக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்று எவரேனும் நம்மைக் கேட்டால் இனி இவ்வழக்கைச் சொல்வோம்.

பொறாமை என்றோம். காரணம் உண்டு. இரு பக்கமும் பேசும் கலை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், முன்னவரான இளம்பூரணரின் கருத்தை எடுத்து வைத்து, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டி, பின்னரே தம் கருத்தை நிறுவுகிறார். இரு தரப்பார் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிவதையும், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைவதையும் நூலாசிரியர் கொள்ளும் மதங்களாகவே நன்னூல் வகுத்துள்ளது. உரைகளில் அடிக்கடி வரும் ‘என்பாரும் உளர்’ என்னும் இரு சொற்களில் எதிர்த்தரப்பிற்கு ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் நம் பெண்ணின் விடைத்தாளில் தேடியது இந்த இரு சொற்களைத்தான்.

நம் துறையின் வினாத்தாளில் அந்த இருக்கை எங்கே? ‘சிலப்பதிகாரம் உணர்த்தும் மூன்று உண்மைகளை விளக்குக’ என்ற வினாவை நாம் மாணவராக எழுதினோம், ஆசிரியராக எடுத்தோம், மதிப்பீட்டாளராகத் திருத்தியும் வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாள் நம் கைக்கு வந்தது. பெயரில்லாத டம்மி எண் தாள். கையெழுத்து கோணல்; ஒற்றுப்பிழைகள் ஏராளம். ஆனால் அந்த மாணவரோ மாணவியோ ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். ஊழ்வினைதான் கோவலனைக் கொன்றது என்றால் பாண்டியன் எப்படிக் குற்றவாளி ஆவான்? பாண்டியன் குற்றவாளி என்றால் ஊழுக்கு அங்கே என்ன வேலை? மூன்று உண்மைகளில் இரண்டு ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்று எழுதிவிட்டு, மூன்றாவது உண்மையை எழுதாமலே விட்டிருந்தார். விடைக்குறிப்பில் உண்மைக்கு இத்தனை மதிப்பெண் என்று பகுத்திருந்தது. மோதலுக்கு மதிப்பெண் இல்லை. முன்னே கட்டுக்கட்டாகத் தாள்கள். மாலைக்குள் முடிக்க வேண்டும். பத்துக்கு நான்கு போட்டுவிட்டுத் தாளைத் திருப்பினோம்.

அந்த நான்கை நாம் மறந்திருந்தோம். விடியற்காலைத் தொலைபேசிதான் அதை நினைவுக்குக் கொண்டுவந்தது. ஒருத்தி முடிவை மட்டும் சொன்னதற்காக மதிப்பெண் இழந்தாள். இன்னொருவர் முடிவைக் கேள்விக்கு உட்படுத்தியதற்காக இழந்தார். இரண்டாமவர்க்கு இழைக்கப்பட்டது அநீதி, இழைத்தவர் நாம்.

ஆயினும் அந்நாட்டுத் தேர்வைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட நாம் வரவில்லை. வினாத்தாளைக் கண்டு பொறாமைப்படலாம். தரப்பட்டியலைக் கண்டு அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பெரும்பாலான சட்டக் கல்லூரிகளில் முதலாண்டுத் தரக்குறிகள் ஒரு வளைகோட்டிற்குக் கட்டுப்பட்டவை. எண்பது பேர் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், வகுப்பின் சராசரி இன்ன தரத்தில்தான் நிற்க வேண்டும் என்று முன்னரே வகுத்திருப்பார்கள். ‘பி பிளஸ்’ஸைச் சராசரியாகக் கொண்ட கல்லூரிகள் பல. எண்பது பேரும் சிறப்பாக எழுதினாலும் ஒரு சிலர்க்கே ‘ஏ’. யாரேனும் கீழே இருந்தே ஆக வேண்டும். ஆகவே நம் பெண் வாங்கிய ‘பி’ என்பது அவள் எழுதியதன் மதிப்பு அன்று; மற்ற எழுபத்தொன்பது பேர் எழுதியதற்கும் அவள் எழுதியதற்கும் உள்ள தொலைவு.

இந்தத் தொலைவை வைத்துத்தான் எல்லாமும். பெரிய வழக்குரைஞர் நிறுவனங்கள் முதலாண்டுத் தரக்குறிகளைப் பார்த்தே ஆள் எடுக்கின்றன. சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம், நீதிபதியிடம் எழுத்தராகும் வாய்ப்பு, இவற்றிற்கும் அவையே துணை. பதினான்கு வார உழைப்பும், சில மணி நேரத் தட்டச்சும் சேர்ந்து பல ஆண்டு வாழ்வின் திசையை முடிவு செய்கின்றன. தேர்வு நாளில் காய்ச்சல் வந்தவன் நிலையை எண்ணிப் பாருங்கள். எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எண்ணிப் பார் என்று வினாத்தாள் கற்பிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரன் உன்னைவிட நன்றாக எழுதினால் நீ கீழே என்று தரப்பட்டியல் கற்பிக்கிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் கற்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்?

ஜான் ஜே ஆஸ்பர்ன் 1971இல் எழுதிய ‘தி பேப்பர் சேஸ்’ நாவல் 1973இல் திரைப்படமானதை நண்பர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். படத்தின் முடிவில் நாயகன் தன் மதிப்பெண் வந்த உறையைப் பிரிக்காமலே காகித விமானமாக மடித்துக் கடலில் எறிவான். நம் பெண்ணிடம் சொன்னோம். “இப்ப எல்லாம் ஸ்க்ரீன்ல வருது மாமா, மடிக்க முடியாது” என்றாள்.

வளைகோட்டிற்கு ஆதரவாகச் சொல்வாரும் உளர். அவர்க்கும் இருக்கை போடுவோம். ஒரு பேராசிரியர் கைநீண்டவர், இன்னொருவர் கஞ்சர் என்றால் எந்த வகுப்பில் விழுந்தோம் என்பதே மாணவரின் ஊழாகிவிடும். வளைகோடு அதைத் தடுக்கிறது. விடைத்தாளில் பெயரின்றி எண் மட்டுமே இருப்பதால், வகுப்பில் சரளமாகப் பேசத் தெரியாத, முதன்முறையாகக் கல்லூரி காணும் குடும்பத்துப் பிள்ளைக்கும் ஒரே தராசு. இவை நியாயமான வாதங்களே. பெயரில்லாத் தாளின் அருமையை நாமும் அறிவோம். ஆனால் தராசு நேராக இருப்பது வேறு, தராசுத் தட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் எதிர் எடையாக வைத்து நிறுக்கப்படுவது வேறு.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. யேல் சட்டப் பள்ளியில் முதற்பருவத்திற்குத் தரக்குறியே கிடையாது. தேறினார், தேறவில்லை என்பதோடு சரி. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் 2008இல் எழுத்துத் தரக்குறிகளைக் கைவிடத் தீர்மானித்து, சிறப்பு, தேர்ச்சி என்பன போன்ற சில படிகளாகச் சுருக்கிக்கொண்டன. 2020 வசந்தப் பருவத்தில் பெருந்தொற்று வந்தபோது மிகப் பல கல்லூரிகள் தரக்குறிகளை நிறுத்தி வைத்துத் தேர்ச்சியை மட்டும் அறிவித்தன. அவ்வாண்டு முதலாண்டு படித்தவர்களும் இன்று வழக்குரைஞர்களாகத்தான் இருக்கிறார்கள். புகழ்பெற்ற கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகும் பெருந்தன்மை அது, எங்கள் மாணவருக்கு வேலை தரும் நிறுவனம் வரிசை எண்ணைக் கேட்கிறதே என்று பிற கல்லூரியார் கூறுவதாகக் கேள்வி. நம்மூர்த் தன்னாட்சிக் கல்லூரிகளின் பேச்சும் இதே சுருதியில்தான் இருக்கும்.

எந்திரம் பற்றி ஒரு சொல். 2023 ஜனவரியில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சிலர் ‘சாட்ஜிபிடி’யைத் தம் கல்லூரியின் நான்கு தேர்வுகளை எழுதச் செய்து, யாருடையது என்றறியாமல் மாணவர் தாள்களோடு சேர்த்துத் திருத்தினர். சராசரி ‘சி பிளஸ்’. விதிகளை நன்றாகவே சொல்லிற்று. கதைக்குள் எழுவினாவைக் கண்டெடுக்குமிடத்தில் தடுமாறிற்று. பின்வந்த எந்திரங்கள் அதனினும் தேறியவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘மூன்று உண்மைகளை விளக்குக’ என்பதற்கு அந்த முதல் எந்திரமே முழு மதிப்பெண் வாங்கியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இப்பருவத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வில், அதுதான் நம் அதிகாரத்திற்கு உட்பட்டது, இளங்கலை இரண்டாமாண்டு மாணவருக்கு வழக்கமான வினாவை எடுக்கவில்லை. கோவலன் கொலையுண்டது முதல் மதுரை எரிந்தது வரை கதைச் செய்திகளை அரைப்பக்கம் எழுதிக்கொடுத்து, ‘ஒவ்வொருவரின் பொறுப்பையும் இரு பக்கமும் நின்று ஆராய்க’ என்று கேட்டோம். வகுப்பில் சலசலப்பு எழுந்தது. “ஐயா, இதுக்கு நோட்ஸ்ல பதில் இல்லீங்களே” என்றான் ஒருவன். இல்லை என்றோம்.

பலர் வழக்கம்போல் மூன்று உண்மைகளை எழுதியிருந்தார்கள். பழக்கம் எளிதில் போகுமா? ஆனால் பத்துப் பதினைந்து பேர் தோண்டியிருந்தார்கள். அரசன் இட்டது நிபந்தனையோடு கூடிய ஆணை, சிலம்பு கள்வன் கையில் இருந்தால்தானே கொலை, அந்த நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டியவர் யார் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். முத்துப்பரலா மாணிக்கப்பரலா என்ற சோதனையை முன்னரே செய்திருக்க அரசனுக்கு என்ன தடை என்று ஒருவன். பார்ப்பாரையும் பசுவையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கி எரித்தாள் என்றால், விலக்கப்படாத எளிய மதுரைவாசி என்ன குற்றம் செய்தான் என்று இன்னொருவன். பின்னர்க் கொற்கையில் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதையும் சேர்த்து வழக்குப் போட வேண்டும் என்று ஒரு மாணவி, வினாவில் நாம் கொடுக்காத செய்தியை உரைபெறு கட்டுரையிலிருந்து இழுத்து வந்திருந்தாள்.

ஒரு தாள் மட்டும் நம் மேசையில் இன்னும் மதிப்பெண் இடாமல் கிடக்கிறது. அரசன், பொற்கொல்லன், கண்ணகி எவரைப் பற்றியும் அதில் ஒரு வரியும் இல்லை. கோவலனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்று காவலர் தயங்கி நின்ற வேளையில் வாளை வீசினானே, கல்லாத அந்தக் குடிகாரன், அவனைப் பற்றி மட்டும் நான்கு பக்கம். மற்றவர் தயங்குவதை அவன் கண்டானா, கண்டும் வீசினானா, ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனா ஆணையைச் சாக்காகக் கொண்டவனா, தயங்கியவர்கள் ஏன் அவன் கையைப் பிடிக்கவில்லை, பிடிக்காதவர்க்குப் பொறுப்பில்லையா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. கையெழுத்து கோணல். முடிவு எழுதவில்லை, மணியடித்துவிட்டது போலும். வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண்களைப் பதிவேற்ற வேண்டும்.